வயிற்றுக்குள் நெறி கட்டியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தால்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். எட்டு வயது மகனுக்குத் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்து, மூன்றாம் நாள் தொப்புளைச் சுற்றி வலி எடுத்திருக்கிறது. அல்ட்ராசவுண்டில் ‘வலது அடிவயிற்றில் பல மீசென்டெரிக் லிம்ப் நோடுகள், பெரியது 14 × 7 மி.மீ.’ என்று எழுதியிருக்கிறார்கள். டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். உறவினர் ஒருவர் இது டி.பி.யாக இருக்கும், மருந்தை உடனே தொடங்கிவிடுங்கள் என்கிறார். இதற்கு நடுவே உங்கள் தம்பி, 34 வயதுக்காரர், ‘எனக்கும் இதேதான் வந்தது, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். நான்கு மாதத்துக்கு முன் சிறுநீரகக் கல் வலிக்காக அவருக்கு எடுத்த சி.டி.யில் ‘பெருந்தமனியின் இடப்பக்கம் லிம்ப் நோடுகள், பெரியது 16 மி.மீ., தொடர்ந்து கவனிக்கவும்’ என்று இருந்ததாம். அவர் அதன்பின் யாரிடமும் போகவில்லை. இது புற்றுநோயா, டி.பி.யா, குடும்பத்தில் ஓடுகிற ஏதாவதா என்று கேட்கிறீர்கள். இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒரே சொல் இருப்பதால் இரண்டும் ஒரே நோய் என்று எடுத்துக்கொண்டீர்கள் என்பதுதான் எனக்குப் படுகிறது. அப்படி இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் கவலை வீட்டில் தவறான ஆள் மேல் விழுந்திருக்கிறது.

நான் கதிரியல் மருத்துவன். அந்த ஒற்றை வரியை ரிப்போர்ட்டில் எழுதுகிற ஆள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகனின் வயிற்றை நான் தொட்டுப் பார்க்கவில்லை, படங்களையும் பார்க்கவில்லை. ஆகவே நான் சொல்வது அந்த வரியை எப்படிப் படிப்பது என்பது பற்றித்தான். நோயை முடிவு செய்வது அவர்களை நேரில் பார்க்கிற மருத்துவரின் வேலை.

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும். இதற்கு யாரும் பயப்படுவதில்லை, ஏனென்றால் காரணம் கண்ணெதிரே காலில் இருக்கிறது. புண் ஆறினால் நெறியும் வற்றிவிடும். வயிற்றுக்குள் இருப்பதும் அதே நெறிதான். ரிப்போர்ட்டில் லிம்ப் நோட் என்று எழுதுவது இதைத்தான், தமிழில் நிணநீர் முடிச்சு. உடம்பு முழுவதும் அறுநூறு நிணநீர் முடிச்சுகள் இருக்கும் என்று தோராயமாகச் சொல்வார்கள். திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் இவற்றுக்குள் புகுந்துதான் ரத்தத்துக்குத் திரும்புகிறது. வழியில் கிருமியோ அந்நியப் பொருளோ வந்தால் இங்கே உள்ள வெள்ளணுக்கள் அடையாளம் கண்டு பெருகுகின்றன. பெருகும்போது முடிச்சு பருக்கிறது. சிறுகுடலை முதுகுப்புறச் சுவரோடு பிணைத்து வைத்திருக்கும் விசிறி போன்ற மடிப்புக்கு மீசென்டெரி என்று பெயர். அதற்குள் மட்டும் நூறுக்கு மேல் முடிச்சுகள் உண்டு. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். நாம் விழுங்குகிற எல்லாமும், அதோடு சேர்ந்து போகிற எல்லாக் கிருமியும் அந்தக் குடல் வழியாகத்தானே போகின்றன. வேலை அதிகம் உள்ள இடத்தில் காவலும் அதிகம்.

தமிழில் இதை ‘வயிற்றில் கட்டி’ என்று மொழிபெயர்த்துச் சொல்லிவிடுவதால் பாதிப் பயம் அங்கேயே வந்துவிடுகிறது. கட்டி என்றால் இல்லாத ஒன்று புதிதாக முளைத்தது என்று பொருள்படும். இவை பிறந்ததிலிருந்தே இருப்பவை. அல்ட்ராசவுண்டும் சி.டி.யும் வருவதற்கு முன்னால் உயிரோடு இருக்கும் மனிதரின் மீசென்டெரிக் முடிச்சை யாரும் பார்க்க வேண்டுமென்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். அப்படித்தான் பார்த்தார்கள். குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அழற்சி என்று நினைத்துத் திறப்பார்கள். குடல்வால் சாதாரணமாக இருக்கும். பக்கத்தில் முடிச்சுகள் மட்டும் பருத்துக் கிடக்கும். குடல்வாலை எடுத்துவிட்டுத் தைத்து அனுப்புவார்கள். இன்று உயர் அதிர்வெண் ஒலியை அனுப்பும் புரோபை வயிற்றில் அழுத்திப் பார்த்தால் நான்கு மில்லிமீட்டர் முடிச்சுகூடத் தெரிகிறது. கருவி கூர்மையானதால் நோய் பெருகிவிடவில்லை. பார்ப்பது பெருகிவிட்டது.

இனி அந்த 14 × 7. நிணநீர் முடிச்சு அவரைவிதை போல நீள்வட்டமானது. அதை அளக்கும்போது நாங்கள் கணக்கில் எடுப்பது அகலத்தை, அதாவது குறுக்களவை. நீளத்தை அல்ல. நீளமாக இருப்பது அதன் இயல்பு. நோயில் அது உப்பும்போது குறுக்கேதான் முதலில் பருத்து உருண்டையாகிறது. ஆக உங்கள் மகனின் முடிச்சின் அளவு 14 அல்ல, 7. குழந்தைகளுக்கு 5 மி.மீ.க்கு மேல் போனாலே பெரிது என்று ஒரு காலத்தில் எழுதினோம். பிறகு, சிறுநீரகக் கல் சந்தேகத்துக்காக சி.டி. எடுத்த குழந்தைகளைப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களிடம் 5 மி.மீ.யைத் தாண்டிய மீசென்டெரிக் முடிச்சுகள் இருந்தன. அவர்களுக்குக் குடலில் ஒரு நோயும் இல்லை. அதனால் குழந்தைகளுக்கு 8 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்து வந்தது. ஆனாலும் பழைய 5 மி.மீ. கணக்கிலேயே இன்னும் பல ரிப்போர்ட்டுகள் எழுதப்படுகின்றன. உங்கள் மகனுடையது ஒரு கணக்கில் ‘பெரிது’, இன்னொரு கணக்கில் சாதாரணம். இந்த எண்கள் யாவும் வசதிக்காகப் போட்ட கோடுகள் என்பதை மறக்க வேண்டாம். ஏழு மி.மீ.யில் நோய் இருந்த ஆளையும் பார்த்திருக்கிறேன், பன்னிரண்டில் ஒன்றும் இல்லாத ஆளையும் பார்த்திருக்கிறேன்.

அளவைவிட நான் நம்புவது வடிவத்தையும் உள்ளமைப்பையும். நல்ல முடிச்சுக்கு நடுவில், ரத்தக்குழாய் நுழையும் வாயிலில், கொஞ்சம் கொழுப்பு இருக்கும். அல்ட்ராசவுண்டில் அது நடுவே வெளிச்சக் கீற்றாகத் தெரியும். கீற்று இருந்து, வடிவம் நீள்வட்டமாக இருந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றால் மனம் லேசாகும். கீற்று மறைந்து, உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகியிருந்தாலோ, நடுவில் அழுகிக் கரைந்தது போல இருண்டிருந்தாலோ அளவு சிறிதென்றாலும் விடமாட்டேன். உங்கள் ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ரிப்போர்ட் எழுதியவரிடமே ‘வடிவம் எப்படி, நடுவில் கொழுப்பு தெரிந்ததா’ என்று டாக்டர் மூலம் கேட்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அப்படி வரும் போன் அழைப்புகள் பிடிக்கும்.

தொண்டைவலி, காய்ச்சல், அதன் பின்னால் வயிற்றுவலி, வலது அடிவயிற்றில் சில சிறு முடிச்சுகள், எட்டு வயது. இந்தச் சேர்க்கைக்கு மீசென்டெரிக் அடினைட்டிஸ் என்று பெயர், குடல் நெறி அழற்சி என்று சொல்லலாம். பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். அடினோவைரஸ் அவற்றில் பேர்போனது. யெர்சினியா, சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற பாக்டீரியாக்களும் செய்யும், அப்போது வயிற்றுப்போக்கும் சேர்ந்து வருவது வழக்கம். ஏன் வலது அடிவயிறு? சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலோடு சேரும் மூலை அது. குடல் சுவரிலேயே நிணத்திசு அங்கே அடர்த்தி, அதன் வடிகாலும் பக்கத்திலுள்ள முடிச்சுகளுக்குத்தான். வலி சில நாட்களில் தொடங்கி இரண்டு, மூன்று வாரங்களுக்குள் தானாக அடங்கிவிடும். போதுமான நீர், வலிக்கும் காய்ச்சலுக்கும் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால், ஓய்வு. பெரும்பாலானோருக்கு இவ்வளவுதான் சிகிச்சை. வைரஸ் என்றால் ஆன்டிபயாடிக் எதையும் செய்யாது. டாக்டர் மருந்துச்சீட்டில் அதிகம் எழுதாமல் அனுப்பினார் என்று குறைபட்டிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அது நல்ல டாக்டரின் அடையாளம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இந்த நோய்க்கென்று தனியாக ஒரு பரிசோதனை கிடையாது. மற்றவை இல்லை என்று தெரிந்த பின் மிஞ்சுவதற்கு வைக்கும் பெயர் இது. குடல்வால் அழற்சியிலும் பக்கத்து முடிச்சுகள் பருக்கும். ஆகவே ‘முடிச்சுகள் இருக்கின்றன’ என்பது குடல்வால் நன்றாக இருக்கிறது என்பதற்கு ஆதாரமாகாது. குடல்வாலைத் தனியாகப் பார்த்து, முழு நீளமும் சாதாரணம் என்று எழுதியிருக்க வேண்டும். இதை நான் ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப ஆண்டுகள். பத்து வயதுப் பெண் குழந்தை. குடல் வாயு நிறைந்திருந்ததால் குடல்வால் எனக்குத் தெரியவில்லை, முடிச்சுகள் பளிச்சென்று தெரிந்தன. தெரிந்ததை எழுதினேன். தெரியாததை எழுதவில்லை. பெருங்குடலுக்குப் பின்னால் மடிந்திருந்த குடல்வால் மறுநாள் இரவு வெடித்தது. குழந்தை பிழைத்து, இரண்டு வாரம் படுக்கையில் இருந்து வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து ‘குடல்வால் தெரியவில்லை, ஆகவே இல்லையென்று சொல்ல முடியாது’ என்ற வரியை நான் விடுவதே இல்லை. உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் குடல்வாலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அதனால் அடுத்த ஓரிரு நாட்களுக்கு ஸ்கேன் தாளைவிடக் குழந்தையைப் பாருங்கள். தொப்புளைச் சுற்றி இருந்த வலி வலது அடிவயிற்றில் இறங்கி ஒரே இடத்தில் நிலைத்தால், குதிக்கச் சொன்னால் குதிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்தால், நடக்கும்போது கூனினால், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால், விட்டு விட்டுத் துடித்து அழுது இடையில் சோர்ந்து கிடந்தால், காய்ச்சல் இறங்கிய பிறகு திரும்ப ஏறினால், உடனே மருத்துவமனைக்கு. காலை வரை காத்திருக்க வேண்டாம். சிறுவன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். விரை முறுக்கிக்கொண்டாலும் வலி வயிற்றில்தான் என்று பிள்ளைகள் சொல்வார்கள், கூச்சத்தால் இடத்தைக் காட்ட மாட்டார்கள். சில மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டிய ஆபத்து அது. வயிற்றுவலி என்று வரும் எந்தப் பையனுக்கும் அதைப் பார்க்காமல் விடக் கூடாது. மறுபக்கம், பசி எடுக்கிறது, விளையாடப் போகிறான், வலி நாளுக்கு நாள் குறைகிறது என்றால் முடிச்சுகள் போய்விட்டனவா என்று பார்க்க இன்னொரு ஸ்கேன் தேவையில்லை. குழந்தை தேறிய பிறகும் அவை பல வாரங்கள் தெரியும். நீங்கள்தான் தூக்கம் கெடுவீர்கள். உறுதிப்படுத்திக்கொள்ள சி.டி. எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வயிற்று சி.டி. ஒன்றில் வரும் கதிர்வீச்சு, ஒருவர் இயற்கையிலிருந்து ஓராண்டில் வாங்குவதைவிட அதிகம். தெளிவான காரணம் இல்லாமல் வளரும் உடம்புக்கு அதைக் கொடுக்க மாட்டேன். வலி மூன்று, நான்கு வாரம் தாண்டினால், எடை குறைந்தால், வளர்ச்சி தேங்கினால், வயிற்றுப்போக்கு நீடித்தால் கதை வேறு. அப்போது குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், டி.பி. எல்லாம் பட்டியலுக்கு வரும்.

டி.பி. என்று சொன்ன உறவினரை முட்டாள் என்று நினைக்க வேண்டாம். டி.பி. அதிகமுள்ள நாடுகளில் வயிற்று முடிச்சு என்றதும் அந்த எண்ணம் வருவது நியாயம். வயிற்று டி.பி. உண்மையான, எளிதில் நழுவிப்போகும் நோய். ஆனால் அது மூன்று நாளில் வராது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும்: மாலைக் காய்ச்சல், பசியின்மை, இளைப்பு, மலச்சிக்கலும் போக்கும் மாறி மாறி, சிலருக்கு வயிற்றில் நீர். முடிச்சுகள் பெரிதாகி ஒட்டிக்கொள்ளும். நிறமருந்து ஏற்றி எடுத்த சி.டி.யில் ஓரம் மட்டும் வெளுத்து நடு இருண்டு வளையம் போலத் தெரியும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் மூலையில் குடல் சுவர் தடித்திருக்கும். அந்த வளையத்தைக் கண்டால் என் மனதில் முதலில் வருவது டி.பி.தான், ஆனாலும் அது முத்திரை குத்திய சான்றல்ல. சில புற்றுநோய்ப் பரவல்களும் முடிச்சிலேயே பிறக்கும் புற்றுநோயான லிம்போமாவில் சிலவும் அதே வேடம் போடும். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ பரிசோதனை, கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும்; இந்த முடிச்சு டி.பி. என்று சொல்லாது. பி.சி.ஜி. தடுப்பூசி போட்டதாலும் அது மேலே எழும்பலாம். ரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். என்ற அளவு கூடியிருக்கிறது என்பதும் எங்கோ அழற்சி இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. தொண்டைவலிக்கும் அது கூடும்.

ஆகவே ‘சும்மா மருந்தை ஆரம்பித்துப் பார்ப்போம்’ என்பதை நான் ஏற்பதில்லை. வழக்கமான டி.பி. மருந்து முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் குறைந்தது இரண்டு. ஈரலைப் பாதிக்கக் கூடியவை. வைரஸால் வந்த நெறி அந்த ஆறு மாதத்தில் எப்படியும் வற்றிவிடும், உடனே மருந்து கேட்டது என்று எல்லோரும் நம்பிவிடுவோம். லிம்போமா என்றால் ஆறு மாதம் கைநழுவிப் போகும். எந்த வழியிலும் நஷ்டம். திசு எடுக்கவே முடியாத நிலையில், நோயாளி நலிந்துகொண்டே போகும்போது, அனுபவமுள்ள மருத்துவர்கள் மற்ற எல்லாவற்றையும் எடைபோட்டு மருந்தைத் தொடங்குவது உண்டு. அது வேறு. அது மூன்று நாள் வயிற்றுவலிக்கான வழி அல்ல.

இனி உங்கள் தம்பி. அவருடைய முடிச்சுகள் குடல் மடிப்பில் இல்லை. வயிற்றின் பின்சுவரில், முதுகெலும்புக்கு முன்னால், இதயத்திலிருந்து இறங்கி வரும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியை ஒட்டி இருக்கின்றன. இரண்டும் வயிறுதான், ஆனால் இரண்டுக்கும் தண்ணீர் வரும் வாய்க்கால் வேறு. மீசென்டெரிக் முடிச்சுக்குக் குடலிலிருந்து வடிகிறது. அன்றாடம் ஏதாவது வந்துகொண்டே இருக்கும், அதனால் அது பருப்பதும் வற்றுவதும் சகஜம். பெருந்தமனிக்குப் பக்கத்து முடிச்சுக்குச் சிறுநீரகம், இடுப்பு உறுப்புகள், பிறகு விரை அல்லது சூலகத்திலிருந்து வடிகிறது. தொண்டைவலியால் அது பருக்காது. பெரியவர்களுக்கு அங்கே குறுக்களவு 10 மி.மீ. வரை சாதாரணம் என்று வைத்துக்கொள்கிறோம். புற்றுநோய் மருத்துவத்தில் கட்டியின் அளவைக் கணக்கிட 2009-ல் திருத்தி வெளியிட்ட ரெசிஸ்ட் விதிகளில் 10-க்குக் கீழ் சாதாரணம், 15-ம் அதற்கு மேலும் போனால் நோயுள்ளதாக அளந்து தொடர வேண்டியது. அந்த விதி ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது. உங்கள் தம்பிக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் 16 என்ற எண்ணைக் கண்டு நான் தோளைக் குலுக்கிவிட்டுப் போகமாட்டேன்.

அதில் இரண்டு சந்தேகங்கள் எனக்கே உண்டு. ஒன்று, அந்த 16 நீளமா அகலமா என்று எழுதவில்லை. சி.டி.யில் குறுக்களவைத் தருவதுதான் வழக்கம், ஆனால் எல்லோரும் வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. இரண்டு, கல்லுக்காக எடுக்கும் சி.டி. நிறமருந்து ஏற்றாமல் எடுப்பது. அதில் கல் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். மற்ற எல்லாம் ஒரே சாம்பல். முடிச்சின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. சுருங்கிக் கிடக்கும் குடல் வளைவும், வளைந்து போகும் ரத்தக்குழாயும்கூட முடிச்சு போலத் தோன்றி ஏமாற்றும். ஆக அவருக்கு முடிச்சே இல்லை என்றுகூட முடியலாம். கல்லோடு சேர்ந்த சிறுநீரகத் தொற்றால் சற்றுப் பருத்து இப்போது வற்றியிருக்கவும் கூடும். இவை இரண்டும் நடக்கக் கூடியவை. ஆனால் திரும்பப் பார்க்காமல் எது என்று தெரியாது. ‘தொடர்ந்து கவனிக்கவும்’ என்று நாங்கள் எழுதுவது உண்மையில் மழுப்பலான வரி. எப்போது, யாரிடம், எதற்காக என்று எழுதியிருக்க வேண்டும். சந்தேகமான முடிச்சை வழக்கமாக மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்போம். நான்கு ஆகிவிட்டது.

34 வயது ஆணுக்குப் பெருந்தமனியின் இடப்பக்கம் முடிச்சு என்றால் ஸ்கேனுக்கு முன்னால் செய்ய வேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு: டாக்டர் அவருடைய விரைகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கேட்கச் சங்கடமாக இருக்கும், உங்கள் தம்பியிடம் இதை நீங்கள் சொல்வதும் சங்கடம்தான். இந்தப் பத்தியை அப்படியே அனுப்பிவிடுங்கள். விரை கருவில் உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் கீழே இறங்குகிறது. இறங்கும்போது தன் ரத்தக்குழாயையும் நிணநீர்க் குழாயையும் இழுத்துக்கொண்டே வருகிறது. அதனால் விரையில் ஒரு நோய் வந்தால் நெறி தொடை இடுக்கில் கட்டாது. பிறந்த இடமான சிறுநீரகத்துக்குப் பக்கத்தில், இடது விரை என்றால் பெருந்தமனியின் இடப்பக்கம், கட்டும். வலியில்லாத சிறு கெட்டிப்பு, கொஞ்சம் கனம், அவ்வளவுதான் தெரியும். சிலருக்கு அதுவும் தெரியாது. இளம் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்வரிசையில் இருப்பது இது, பரவிய பிறகும் பெரும்பாலும் முழுமையாகக் குணமாவதும் இதுதான். விரை அல்ட்ராசவுண்டு பத்து நிமிட வேலை, கதிர்வீச்சு இல்லை. ரத்தத்தில் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கக் கூடிய ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். மூன்றையும் பார்ப்பார்கள். அவருக்கு அந்த நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருந்தால் தவறவிடக் கூடாதது அது என்பதால் முதலில் வைக்கிறேன்.

அடுத்தது லிம்போமா, முடிச்சிலேயே பிறக்கும் புற்றுநோய். காரணமில்லாத காய்ச்சல், படுக்கை விரிப்பே நனையும் அளவுக்கு இரவு வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு ஆகிய மூன்றையும் கேட்பார்கள். இவை எதுவும் இல்லாமலேயே மெல்ல வளரும் லிம்போமாக்களும் உண்டு. ஆகவே ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்பது நல்ல செய்தி, ஆனால் முழு விடை இல்லை. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மண்ணீரல் ஆகியவற்றைக் கைகளால் பார்ப்பார்கள். இடது காறை எலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தைத் தவறாமல் தடவுவார்கள். வயிற்று நிணநீர் மார்புக்குள் ஏறி, அங்கேதான் ரத்தநாளத்தில் கலக்கிறது. வயிற்றுக்குள் வந்த புற்றுநோய் சில சமயம் முதலில் அந்தப் பள்ளத்தில் தலைகாட்டும். ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1848-ல் எழுதி வைத்தது, இன்றும் அந்த முடிச்சுக்கு அவர் பெயர்தான். ஒரு கோடி மதிப்புள்ள இயந்திரம் பக்கத்து அறையில் இருந்தாலும் இந்தத் தடவலை விடக் கூடாது. அங்கே ஒரு முடிச்சு கிடைத்தால் வயிற்றுக்குள் ஊசி போகவே தேவையில்லை, அதையே எடுத்துப் பார்த்துவிடலாம்.

பிறகு நிறமருந்து ஏற்றி ஒரு சி.டி. முடிச்சு சுருங்கியிருந்தால் அநேகமாக அத்தோடு முடிந்தது. அப்படியே இருந்து, வடிவமும் நன்றாக இருந்தால் இன்னும் சில மாத இடைவெளியில் ஒரு முறை பார்ப்பார்கள். வளர்ந்திருந்தாலோ உருண்டிருந்தாலோ திசு வேண்டும். பலர் ‘பெட் ஸ்கேன் எடுத்தால் புற்றுநோயா இல்லையா என்று தெரிந்துவிடும்’ என்று நினைக்கிறார்கள். பெட் ஸ்கேன் எந்தச் செல் சர்க்கரையை அதிகம் தின்கிறது என்று காட்டும். புற்றுநோயும் தின்னும், டி.பி.யும் தின்னும், அழற்சியும் தின்னும். எங்கே ஊசி போட்டால் விடை கிடைக்கும் என்று காட்டுவதில் அதற்கு நிகரில்லை. விடையை அதுவே சொல்லாது.

திசு எடுக்கும் கட்டம் வந்தால் இரண்டு விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இவற்றில்தான் அதிகம் தவறு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய ஊசியில் சில செல்களை உறிஞ்சி எடுப்பது வேறு இடத்திலிருந்து பரவிய புற்றுநோயைக் கண்டுபிடிக்கப் போதும். லிம்போமாவுக்குப் போதாது, அதற்கு முடிச்சின் கட்டமைப்பே தெரிய வேண்டும், தடித்த ஊசியில் துண்டாகவோ முழு முடிச்சாகவோ எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும் முன் ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் தொடங்கக் கூடாது. லிம்போமா ஸ்டீராய்டில் சில நாட்களிலேயே உருகிவிடும், பிறகு ஊசியில் வருவது வெறும் சாம்பல்தான். சில மாதம் கழித்து நோய் திரும்ப வரும்போது எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது, எடுத்த திசுவை முழுவதும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிடக் கூடாது. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அதன்பின் டி.பி. கிருமியை வளர்த்துப் பார்க்கவோ எந்த மருந்து வேலை செய்யும் என்று சோதிக்கவோ முடியாது. ஒரு துண்டு சலைன் நீரில் தனிக் குப்பியில் போக வேண்டும். ‘கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஜீன் எக்ஸ்பெர்ட்டுக்கும் (டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) தனியாக எடுக்கிறீர்களா’ என்று முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். சின்னக் கேள்விதான், இதைக் கேட்காததால் இரண்டாம் முறை ஊசி வாங்கியவர்கள் நிறையப் பேர்.

குடும்பத்தில் ஓடுகிறதா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். முடிச்சு பருப்பது பரம்பரையும் இல்லை, தொற்றும் இல்லை. தொற்றுவதென்றால் அதற்குக் காரணமான கிருமிதான். மகனின் வைரஸ் அவன் தங்கைக்கு வரலாம், வந்தால் அவளுக்கும் வயிறு வலிக்கலாம். வயிற்றில் மட்டும் டி.பி. உள்ளவர் இருமலால் மற்றவருக்குப் பரப்புவதில்லை, நுரையீரலிலும் இருந்தால் பரப்பலாம். தம்பியுடையதும் மகனுடையதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சம்பவங்கள், ஒரே வீட்டில் நடந்துவிட்டன என்பதைத் தவிர.

மகனை இன்னும் ஒரு வாரத்தில் அதே டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள், தேறிவிட்டாலும் பரவாயில்லை. தம்பியை இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடமோ சிறுநீரக அறுவை மருத்துவரிடமோ அனுப்புங்கள். போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, நான்கு மாதத்துக்கு முன் எடுத்த சி.டி.யின் படங்கள் உள்ள வட்டு வேண்டும். முடிந்தால் அடுத்த ஸ்கேனையும் அதே இடத்தில் எடுக்கட்டும். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, அதே முடிச்சை, அதே மட்டத்தில், அதே குறுக்கில் அளந்தால்தான் 16 என்பது 9 ஆகியிருக்கிறதா, 21 ஆகியிருக்கிறதா என்று சொல்ல முடியும். வட்டு தொலைந்திருந்தால் ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டுப் பாருங்கள்; நான்கு மாதம்தானே, அநேகமாக அவர்கள் கணினியில் இன்னும் இருக்கும்.